வடிகால் எஸ்டிமேட்டில் விட்டுப்போன கணக்கு: நகராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நகராட்சி, பேரூராட்சி மன்றத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

உங்களில் ஒரு மன்றம் அண்மையில் நிறைவேற்றிய தீர்மானம்தான் இந்த மடலை எழுத வைத்தது. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. ஊர்ப் பெயர் மட்டும் மாறி, இதே எஸ்டிமேட் பல மேசைகளில் கிடக்கிறது. தெருவின் இருபுறமும் மூடிய கான்கிரீட் வடிகால். வடிகாலுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் மிஞ்சுகிற மண்ணுக்கு, அடியில் பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்) போட்டு மேலே பேவர் பிளாக். மரங்களின் அடித்தண்டு வரை சிமெண்ட். தண்ணீர் எல்லாம் போய்ச் சேருவது ஊர் ஏரியில். இதற்கு மாற்று உண்டா, இருந்தால் என்ன செலவு என்று கோப்பில் ஒரு தாள்கூட இல்லை.

நாங்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் சாலைக்கும் வடிகாலுக்கும் மனைப்பிரிவுக்கும் வரைபடம் போடுகிறவர்கள், அளவெடுத்து பில் போடுகிறவர்கள், களத்தில் நின்று ஆள் விட்டு வேலை வாங்குகிறவர்கள். வடிகாலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சொல்ல வருவது ஒன்றுதான்: உங்கள் பேவர் எஸ்டிமேட் உங்கள் வடிகால் எஸ்டிமேட்டைத் தின்கிறது. தெருவோர மண் மழைநீரை உறிஞ்சி இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலையைப் பணம் கொடுத்து நிறுத்துகிறீர்கள். பிறகு அதே வேலைக்காகப் பெரிய வடிகாலுக்கு இன்னொரு முறை பணம் கொடுக்கிறீர்கள். கோடையில் டேங்கர் தண்ணீருக்காக மூன்றாம் முறையும் கொடுக்கிறீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் மழை. நம் பக்கம் சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் அடித்து ஊற்றும் மழைக்கு இது பெரிய எண் அல்ல. ஒரு ஹெக்டேர் பரப்பு முழுக்கக் கூரையும் சிமெண்ட் தளமுமாக இருந்தால் ஓடுநீர்க் கெழு, அதாவது பெய்ததில் ஓடிவிடும் பங்கு, 0.9. அந்த ஒரு மணி நேரத்தில் ஓடி வருவது 4,50,000 லிட்டர். நொடிக்கு 125 லிட்டர். அதே ஒரு ஹெக்டேரில் மண்ணும் மரமும் தோட்டமும் பெரும்பகுதி இருந்து கெழு 0.3 ஆனால் நொடிக்கு 42 லிட்டர்தான்.

இப்போது வடிகால். உள்ளளவு 60 செ.மீ. அகலம், 75 செ.மீ. ஆழம், சரிவு 300க்கு 1, கான்கிரீட் சுவரின் சொரசொரப்புக் கெழு 0.015, நீர் 60 செ.மீ. உயரம் ஓடுவதாக வைத்துக்கொண்டால் அது நொடிக்குச் சுமார் 470 லிட்டர் கடத்தும். மண் இருக்கிற தெருக்கள் என்றால் 11 ஹெக்டேரின் தண்ணீரை அது தாங்கும். சுவரோடு சுவராக பேவர் பதித்துவிட்டால் 3.8 ஹெக்டேரோடு சரி. வடிகாலின் அளவு மாறவில்லை. மாறியது மேலே இருந்த மண். அடியில் 15 செ.மீ. வண்டல் படிந்தால் அந்த 470, 330 ஆகிவிடும். வண்டல் படியாத வடிகாலை இந்த மாவட்டங்களில் யாராவது காட்டினால் நாங்களும் வந்து பார்க்கிறோம்.

உடனே ஊத்தங்கரையைச் சொல்வீர்கள் என்று தெரியும். ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை. ஆண்டு முழுக்கப் பெய்ய வேண்டிய 850 மி.மீ. சொச்சத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது. பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வாகனங்கள் அடித்துக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. அப்படிப்பட்ட நாளில், நாங்கள் மாற்றாகக் கீழே சொல்லப்போகும் தெருவோரப் பள்ளங்கள் ஊரைக் காப்பாற்றும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் உங்கள் இரண்டடி வடிகாலும் காப்பாற்றாது. அன்றைக்கு வேலை செய்ய வேண்டியவை ஏரி, ஏரிக் கோடி (ஏரி நிரம்பினால் வழியும் இடம்), கோடியிலிருந்து இறங்கும் பெரிய கால்வாயான ராஜகால்வாய் ஆகிய மூன்றும்தான். நகராட்சி வடிகால் ஆண்டுக்குப் பலமுறை வரும் சாதாரண மழைக்கானது. அந்த மழையைத் தெருவிலேயே பாதிக்குப் பாதி பிடித்துவிட முடியும். ஊத்தங்கரையைக் காட்டி அகலமான பெட்டி வடிகாலுக்கு ஒப்புதல் வாங்குவது இரண்டு வேறு பிரச்சினைகளைக் குழப்புவது.

100 மீட்டர் பெட்டி வடிகாலுக்கு என்ன போகிறது? சுவரும் அடித்தளமும் 15 செ.மீ., மூடிப் பலகை 10 செ.மீ. என்று வைத்தால் 45 கன மீட்டர் கம்பிக் கான்கிரீட். கன மீட்டருக்கு 80 கிலோ என்றால் 3.6 டன் கம்பி. அடியில் 11 கன மீட்டர் பி.சி.சி. தோண்டல் 130 கன மீட்டருக்குக் குறையாது. இது ஒரு பக்கத்துக்கு மட்டும். இரண்டு, மூன்று அடியிலேயே பாறை தட்டுகிற ஊர் என்றால் பிரேக்கர் வாடகை தனி. அந்தச் செலவுக்காகப் பின்னால் திருத்திய எஸ்டிமேட் வருவதும் உங்களுக்குப் புதிதல்ல.

கட்டி முடித்த பிறகு நடப்பதைச் சொல்கிறோம். வடிகாலின் மேல்மட்டம் ரோட்டை விட அரை அடி, ஒரு அடி உயரமாக நிற்கும். மழைநீர் உள்ளே போவதற்குச் சுவரில் பத்து மீட்டருக்கு ஒரு நான்கு இஞ்ச் பி.வி.சி. துண்டு. ஒரு காகித டீக்கப், நான்கு புங்க இலை போதும், அந்தத் துளை அடைபடும். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது பக்கத்து வடிகால் காலியாகக் கிடக்கும். பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களில் வீட்டு செப்டிக் டேங்க் வழிந்தோடும் குழாய் இரவோடு இரவாக உள்ளே செருகப்படும். மூடி போட்டிருப்பதால் யார் கண்ணுக்கும் தெரியாது. அன்று முதல் அது மழைநீர் வடிகால் அல்ல, சாக்கடை. போய்ச் சேருவது ஏரி. அடுத்த தார் போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே 4, 5 செ.மீ. ஏற்றுவார்கள். இரண்டு மூன்று முறை ஏற்றினால் வீட்டு வாசற்படி பள்ளமாகிவிடும். பிறகு அந்த வீட்டுக்காரர்தான் மனுவோடு உங்களிடம் வருவார், இன்னும் பெரிய வடிகால் கேட்டு.

இனி நாங்கள் கேட்கும் மாற்று. இதற்கு ‘பசுமைக் கட்டமைப்பு’ என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டு அழகுச் செடி, நீரூற்று என்று நினைத்துவிட வேண்டாம். அடிப்படையில் இது ஜல்லியும் மணலும் மண்ணும் அடுக்கிய ஒரு பள்ளம். 40 அடி ரோட்டின் ஓரத்தில் 1.5 மீட்டர் அகலம் எடுங்கள். அடியில் ஒன்றரை இஞ்ச் ஜல்லி 25 செ.மீ. அதன் மேல் அரை இஞ்ச் ஜல்லி 7, 8 செ.மீ. அதற்கு மேல் 50 செ.மீ. கலவை மண்: பருமணல் 60 பங்கு, செம்மண் 25, மக்கிய எரு 15. மண்ணின் மேல்மட்டம் ரோட்டை விட 15 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். அந்த 15 செ.மீ. தண்ணீர் நிற்பதற்கான இடம். ஓரக்கல்லில் ஐந்து மீட்டருக்கு ஒன்றாக ஒன்றரை அடி அகலத்துக்கு வெட்டு விட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் உட்புறம் கல் பாவிய சின்ன வண்டல் குழி. நிரம்பினால் வழிந்தோட ஒரு குழாய், மண்ணுக்கு 15 செ.மீ. உயரத்தில் வாய் வைத்து, பக்கத்துச் சிறு வடிகாலுக்கு.

இந்தப் பள்ளம் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பிடிப்பது: மேலே நிற்பது 225 லிட்டர், மண்ணின் இடைவெளியில் 150, ஜல்லியின் இடைவெளியில் 150. ஆக 525 லிட்டர். 100 மீட்டருக்கு 52,500 லிட்டர். அதே 100 மீட்டரில் 9 மீட்டர் அகலத் தார் ரோட்டில் 50 மி.மீ. மழைக்கு ஓடி வருவது 40,500 லிட்டர். மண்ணுக்குள் இறங்குவதைச் சேர்க்காமலேயே ரோட்டுத் தண்ணீர் முழுவதும் அடங்கிவிடுகிறது. தோண்டல் 150 கன மீட்டர். அதில் நாங்கள் உங்களுக்கு எதையும் மிச்சப்படுத்தவில்லை, ஒப்புக்கொள்கிறோம். மிச்சம் கம்பியிலும் சிமெண்டிலும் ஷட்டரிங்கிலும். ஜல்லிக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை, கிரஷர் நம் ஊரைச் சுற்றித்தான் இருக்கிறது. ஓரக்கல்லுக்கு கிரானைட் பட்டறைகளில் ஒதுக்கிக் குவித்திருக்கும் துண்டுகள் போதும்.

கூரைத் தண்ணீரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2003 அவசரச் சட்டத்திலிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். வரைபட அனுமதிக்காகத் தோண்டிய குழியில் இன்று வண்டல். கூரைக் குழாயின் வாய் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம் 1993இலிருந்து 2011 வரை கூரைக் குழாய்களைச் சாக்கடையிலிருந்து பிரித்துத் தோட்டத்துக்குத் திருப்பும் திட்டத்தை நடத்தியது. தாமே பிரித்த வீட்டுக்காரருக்குக் குழாய்க்கு 53 டாலர் கொடுத்தது. 56,000க்கும் மேற்பட்ட குழாய்கள் பிரிக்கப்பட்டன. பெரிய குழாய் பதிப்பதை விட அது மலிவு என்று கணக்குப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

எங்கே தவறு நடக்கும் என்பதையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் ஒரு பள்ளம் கெட்டதும் ‘பார்த்தீர்களா’ என்று எல்லாவற்றையும் மூடிவிடுவீர்கள்.

முதல் தவறு, சோதிக்காமல் தோண்டுவது. ஓரடி அகலம், இரண்டடி ஆழக் குழி எடுத்து நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி அரைமணிக்கு ஒருமுறை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். மணல் கலந்த செம்மண் மணிக்கு 20 முதல் 30 மி.மீ. வாங்கும், களிமண் 5 மி.மீ.க்கும் கீழே. மணிக்கு 13 மி.மீ.க்குக் குறைந்தாலோ, அடியில் பாறை இருந்தாலோ, ஜல்லிக்குள் 110 மி.மீ. துளைக் குழாய் படுக்கவைத்து வடிகாலோடு சேர்க்க வேண்டும். அப்போது நிலத்தடிக்குப் போவது குறையும்; ஆனால் வெள்ளத்தின் உச்சம் தள்ளிப்போகும், வண்டலும் வடிகட்டப்படும்.

அடுத்தது கலவை மண். ஒப்பந்தக்காரர் தோண்டிய மண்ணையே, கட்டட இடிபாடோடு சேர்த்துத் திரும்பக் கொட்டுவார். அல்லது கழுவாத எம்-சாண்டை (கல்லை உடைத்த செயற்கை மணல்) போடுவார். அதன் தூசி முதல் மழையிலேயே இறுகித் தளம்போல் ஆகிவிடும். ஒரு பாட்டிலில் பாதி மண், பாதி நீர் விட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மேலே படியும் களி, மண்ணில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் என்னும் வடிகட்டும் செயற்கைத் துணி விரிப்பதும் வேண்டாம், அங்கேதான் அடைப்பு வரும். அந்த வேலைக்குத்தான் அரை இஞ்ச் ஜல்லி அடுக்கு. பள்ளத்துக்குள் ஜே.சி.பி. இறங்கக் கூடாது, வெளியே நின்றுதான் வாளியை நீட்ட வேண்டும். சக்கரம் ஏறிய மண் தண்ணீர் வாங்காது. தெருவில் வீடு கட்டும் வேலை நடக்கும்போது வெட்டுகளை மூடி வைக்க வேண்டும், இல்லையென்றால் சிமெண்ட் கழுவிய தண்ணீர் எல்லாம் உள்ளே போய்விடும்.

மலையடித் தெருக்களில் சரிவு அதிகம். கிருஷ்ணகிரியில் மொட்டைப் பாறை மலையின் காலடியில் இருக்கும் தெருக்களுக்குத் தண்ணீர் வரும் வேகம் சமவெளி வேகம் அல்ல. அங்கே பள்ளத்துக்குக் குறுக்கே கல் தடுப்பு வேண்டும். தடுப்பின் உயரத்தைச் சரிவால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும்: 15 செ.மீ. தடுப்பு, நூற்றுக்கு மூன்று சரிவு என்றால் ஐந்து மீட்டருக்கு ஒன்று. இதை விட்டால் முதல் மழையிலேயே கலவை மண் கீழ்த் தெருவுக்குப் போய்விடும்.

செடி விஷயத்தில் நீண்ட பேச்சு வேண்டாம். புல்தரை கூடாது, மாசியில் காய்ந்துவிடும். வெட்டிவேர், ஆவாரை, நொச்சி, நீர் நிற்கும் அடிப்பகுதியில் கல்வாழை, நிழலுக்குப் புங்கன். கொசு வரும் என்பார்கள். தண்ணீர் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாளில் இறங்கிவிட வேண்டும். முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் ஆகும். மூடிய வடிகாலுக்குள் மாதக் கணக்கில் தேங்கும் நீரைப் பற்றி அதே ஆட்கள் ஏன் கேட்பதில்லை என்பது எங்களுக்குப் புரிவதில்லை.

பேவர் வேண்டும் என்றே முடிவானால் அதையும் தண்ணீர் வாங்கும்படி போடலாம். 80 மி.மீ. கற்கள், இடைவெளி 6 முதல் 10 மி.மீ., அந்த இடைவெளியில் மணல் அல்ல, தூசி இல்லாத பேபி ஜல்லி. அடியில் அதே ஜல்லி 5 செ.மீ., பிறகு முக்கால் இஞ்ச் 10 செ.மீ., பிறகு ஒன்றரை இஞ்ச் 20 செ.மீ. பி.சி.சி. கிடையாது, சிமெண்ட் தூவல் கிடையாது. பெரும்பாலான ஊரில் இது தோற்பதற்குக் காரணம் ஒன்றே: வேலை முடிந்த அன்று மாலை பழக்க தோஷத்தில் யாரோ எம்-சாண்டைக் கொட்டித் துடைப்பத்தால் தள்ளிவிடுவார்கள். லாரி போகும் ரோட்டுக்கும் வண்டி மெக்கானிக் பட்டறை இருக்கும் இடத்துக்கும் இது ஒத்துவராது. நடைபாதை, அலுவலக வளாகம், வாகன நிறுத்தம், சந்தை முன்புறம் ஆகியவற்றுக்குச் சரி.

இருபது அடித் தெருவில் 1.5 மீட்டர் கிடைக்காது. அங்கே குறுகலான வடிகால்தான் வழி. வீம்புக்கு எல்லா இடத்திலும் பள்ளம் தோண்டச் சொல்லவில்லை. வீட்டு அஸ்திவாரத்திலிருந்து மூன்று மீட்டருக்குள்ளும் வேண்டாம். இடம் வேறெங்கோ இருக்கிறது: பள்ளிக்கூட மைதானம், அரசு அலுவலக வளாகம், பேருந்து நிலைய ஓரம், மனைப்பிரிவுகளில் உங்களுக்கு எழுதிக் கொடுத்த திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலங்கள். அந்த ஒதுக்கீட்டு நிலத்தில் பூங்கா என்று சொல்லி இரண்டடி கிராவல் கொட்டி உயர்த்தி, சுற்றுச்சுவர் கட்டுகிறீர்கள். ரோட்டுத் தண்ணீர் பூங்காவுக்குள் போக வேண்டியதற்குப் பதில், பூங்காத் தண்ணீர் ரோட்டுக்கு வருகிறது. 1,000 சதுர மீட்டர் பூங்காவை ரோட்டை விட 30 செ.மீ. தாழ்த்தினால் 3 லட்சம் லிட்டர் நிற்கும். மேலே சொன்ன ஒரு ஹெக்டேர் சிமெண்ட் பரப்பின் ஒரு மணி நேர மழையில் அது மூன்றில் இரண்டு பங்கு. கிராவல் செலவும் மிச்சம்.

இனி பணம். ஒரு ஏக்கர் கூரை, தளத்தில் ஆண்டுக்கு 850 மி.மீ. மழையில் எண்பது சதவீதம் பிடித்தால் சுமார் 27.5 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரிக்கு 229 லோடு. உங்கள் ஊரில் மே மாதம் ஒரு லோடு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும், பெருக்கிக்கொள்ளுங்கள். பிடித்ததெல்லாம் போர்வெல்லில் திரும்ப வந்துவிடாது, நம்முடையது கடினப் பாறை நிலம். மேலே சிதைந்த பாறையும் விரிசல்களும்தான் தண்ணீர் தங்கும் இடம். ஆனாலும் ஒரு பங்கு கணக்கில் வர வேண்டும். இப்போது எழுதுவது பூஜ்யம்.

இந்த இரண்டு மாவட்டங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பாறையில் உள்ள கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு கரைந்து, லிட்டருக்கு 1.5 மி.கி. என்ற உச்சவரம்பைத் தாண்டிய கிணறுகள் நம்மிடம் ஏராளம். அதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ரூ.1,928.80 கோடியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆழமாகப் போகப்போக, பாறையோடு நெடுங்காலம் கிடந்த தண்ணீர் கிடைக்கிறது, ஃபுளூரைடும் கூடுகிறது. மழைநீர் மேல்மட்டத்தில் இறங்கினால் அது நீர்த்துப்போகும். இதற்காக ரோட்டுத் தண்ணீரைச் செத்துப்போன போர்வெல்லுக்குள் நேராக விடும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். எண்ணெயும் சாக்கடையும் வடிகட்டாமல் விரிசலுக்குள் போய்விட்டால் எடுக்கவே முடியாது. கூரைத் தண்ணீருக்கு மூன்றடி விட்டத்தில் 12 அடி உறைகிணறு, முன்னால் ஒரு வண்டல் தொட்டி. ரோட்டுத் தண்ணீருக்கு மண் அடுக்கு வழியாக மட்டும்.

எஸ்டிமேட்டில் பராமரிப்பு வராததுதான் எல்லாக் கோளாறுக்கும் வேர். ஆண்டுக்கு ஒரு லட்சம் தூர்வாரலுக்கு என்றால், 8 சதவீத வட்டியில் 30 ஆண்டுக்கு அதன் இன்றைய மதிப்பு 11.26 லட்சம். இதை வடிகாலின் விலையோடு கூட்டிப் பாருங்கள். பள்ளத்துக்கும் கூட்டுங்கள்: பருவத்துக்கு முன்னும் பின்னும் வண்டல் குழி சுத்தம், முதல் இரண்டு கோடையில் தண்ணீர், செத்த செடிக்கு மாற்று, சில ஆண்டுக்கு ஒருமுறை மேல்மண் ஐந்து செ.மீ. சுரண்டிப் புதிதாகப் போடுவது. இதற்குக் கூலிச் செலவு உண்டு, குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கூலி உள்ளூர் ஆட்களுக்குப் போகிறது என்பது வேறு விஷயம். கார்பன், வெப்பத் தணிவு, மனை மதிப்பு இவற்றையெல்லாம் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். அவை இல்லாமலேயே கணக்கு நிற்கிறதா என்று பாருங்கள்.

மற்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் நகரம் 2010இல் வெறும் கான்கிரீட் வழிக்கு 680 கோடி டாலர், பசுமை கலந்த வழிக்கு 530 கோடி டாலர் என்று மதிப்பிட்டு இரண்டாவதைத் தேர்ந்தது. சியாட்டிலில் ஒரு குடியிருப்புத் தெருவை வழக்கமான முறையில் போட 8,68,803 டாலர் ஆகியிருக்கும். தெருவோரப் பள்ளங்களோடு போட்டது 6,51,548 டாலரில், 25 சதவீதம் குறைவாக. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2007இல் 17 வேலைகளை ஆராய்ந்தது. சில விதிவிலக்கு போக, கட்டுமானச் செலவில் 15 முதல் 80 சதவீதம் வரை மிச்சம் என்றது. அவர்கள் கூலியும் நம் கூலியும் வேறு, மழையும் வேறு. அந்த எண்களை இங்கே ஒட்ட முடியாது. ஒட்ட வேண்டியது, இரண்டு வழிக்கும் பக்கத்தில் பக்கத்தில் விலை எழுதிப் பார்க்கும் பழக்கத்தை.

நிதி இல்லை என்ற பதில் வேண்டாம். 15ஆம் நிதிக்குழு 2021–26க்குத் தந்த மானியத்தில் நம்மைப் போன்ற ஊர்களுக்கு 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது சொன்ன வேலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டிய பணம். அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு என்றே ஒதுக்கியது. மத்திய அரசின் நகர்ப்புற நீர்த் திட்டமான அம்ருத் 2.0 நீர்நிலைகளையும் பூங்காக்களையும் தன் பட்டியலில் வைத்தது. எதற்கு எழுதிக் கேட்டீர்கள் என்பதுதான் கேள்வி.

எங்கள் கோரிக்கைகள் இவை.

டெண்டர் விடாத வார்டுகளில், பி.சி.சி. மேல் பேவர் பதிக்கும் வேலையை உடனே நிறுத்திவையுங்கள். ஒவ்வொரு வடிகால் எஸ்டிமேட்டோடும் ஒரு ஒப்பீட்டுத் தாள் இணைத்த பிறகே மன்றத்தின் முன் வைக்க வேண்டும்: ஒரே மழை, 30 ஆண்டு, ஒரே வட்டி, இரண்டு வழி, தூர்வாரலும் டேங்கர் செலவும் சேர்த்து. இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது.

எஸ்டிமேட் போடும் முன் 200 மீட்டருக்கு ஒரு இடத்தில் நீர் இறங்கும் சோதனை செய்து அளவைப் பலகையில் ஒட்டுங்கள். ஆளும் கருவியும் நாங்கள் தருகிறோம், கூலி வேண்டாம்.

வடகிழக்குப் பருவத்துக்கு முன், ஊருக்கு ஒரு அரசு வளாகத்திலும் ஒரு 40 அடி ரோட்டில் 100 மீட்டருக்கும் மேலே சொன்ன பள்ளத்தை அமையுங்கள். ஒப்பந்தத்தில் கடைசிப் பத்து சதவீதப் பணத்தை ஒரு பருவம் கழித்து, 15 செ.மீ. தண்ணீர் 24 மணி நேரத்தில் இறங்குவதை அளந்த பிறகே விடுவிக்க வேண்டும். செடி பூத்திருப்பதைப் பார்த்து பில் பாஸ் பண்ணக் கூடாது.

ஏற்கெனவே சிமெண்ட் பூசிய தெரு மரங்களைச் சுற்றி நான்கடிக்கு நான்கடி உடைத்து மண்ணைத் திறந்துவிடுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் புதுத் தார் போடும் பில்லுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். புதிய பூங்கா எதுவும் ரோட்டை விட உயரமாக இருக்கக் கூடாது.

ஏரிக்குள் விழும் ஒவ்வொரு வடிகாலிலும் செருகியிருக்கும் செப்டிக் டேங்க் குழாய்களைக் கணக்கெடுத்துத் துண்டியுங்கள். விழும் இடத்தில் வண்டல் தொட்டி கட்டுங்கள். கோடியிலிருந்து ராஜகால்வாய் போகும் வழியை வருவாய்த் துறையோடு சேர்ந்து அளந்து, இருக்கும் அகலத்தையும் வரைபடத்தில் உள்ள அகலத்தையும் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள்.

வரும் பட்ஜெட்டில் பசுமை வடிகால் பராமரிப்புக்குத் தனித் தலைப்பு திறந்து, வார்டு வாரியாகத் தொகை ஒதுக்குங்கள். தலைப்பு இல்லாமல் பள்ளம் மட்டும் தோண்டுவதாக இருந்தால், தோண்டவே வேண்டாம்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் எந்தக் கணக்கின் பேரில் என்று, அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் கேட்கிறோம்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கட்டுமான வேலை செய்யும் பொறியாளர்கள், மேற்பார்வையாளர்கள், மேஸ்திரிகள் சிலர்